'பாபிலோன்' பார்த்த பிறகு: சினிமா பேசத் தொடங்கியது எப்படி?

டேமியன் ஷசெல் இயக்கிய 'பாபிலோன்' 2022 டிசம்பரில் வெளிவந்தது. 189 நிமிடம். அதில் எதையுமே அளவாக வைக்கவில்லை. ஒரு யானையை மேட்டில் ஏற்றிக்கொண்டு போவதில் தொடங்கி, விடிய விடிய நடக்கும் விருந்து ஒன்று முடிந்து, படத்தின் பெயர் திரையில் வருவதற்கே அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. சுமார் 8 கோடி டாலர் செலவில் எடுத்த படம். தியேட்டர் வசூலில் அந்தப் பணம்கூடத் திரும்பவில்லை. எனக்குப் படம் பிடித்திருந்தது. பாதியில் எழுந்து போனவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

கதை 1926இல், ஹாலிவுட்டில் ஊமைப்படம் கொடிகட்டிப் பறந்த நேரத்தில் தொடங்குகிறது. ஜாக் கான்ராட் பெரிய நட்சத்திரம். நெல்லி லராய் எப்படியாவது நட்சத்திரமாகிவிடத் துடிக்கும் பெண். மேனி டோரஸ், மெக்சிகோவிலிருந்து வந்து கிடைத்த வேலையெல்லாம் செய்யும் இளைஞன். நடுவில் சினிமாவுக்கு ஒலி வருகிறது, எல்லோர் வாழ்க்கையும் புரண்டுபோகிறது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு சுருக்கத்தைச் சொல்வார்கள்: "1927இல் முதல் பேசும்படம் வந்தது. ஊமைப்பட நடிகர்களுக்குக் குரல் சரியில்லை. அதனால் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது இதுவல்ல. ஒலி வந்தபோது முதலில் மாட்டிக்கொண்டது நடிகரின் தொண்டை அல்ல, படம் எடுக்கும் முறை. அதைப் புரிந்துகொள்ள அந்த இயந்திரங்கள் எப்படி வேலை செய்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூட அறிவியலே போதும்.

ஊமைப்படம் ஊமையாக இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊமைப்படக் காலத்து தியேட்டர் அமைதியாக இருந்ததே இல்லை. சின்ன ஊர் தியேட்டரில் ஒருவர் பியானோ வாசிப்பார். நடுத்தரமான தியேட்டரில் ஆர்கன் இருக்கும். நியூயார்க்கின் பெரிய அரங்குகளில் முழு இசைக்குழுவே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். ஜப்பானில் 'பென்ஷி' என்ற கதைசொல்லிகள் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். நடிகரின் பெயரைவிட பென்ஷியின் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கியவர்கள் அங்கே உண்டு.

படப்பிடிப்புத் தளத்தில் இன்னும் சத்தம். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் கத்திக்கத்திச் சொல்லிக்கொடுப்பார்: "திரும்பு, அழு, இப்போது கதவைப் பார்!" நடிகருக்கு அழுகை வருவதற்காகப் பக்கத்தில் ஒருவர் வயலின் வாசிப்பதும் உண்டு. 'பாபிலோன்' படத்தில் வெட்டவெளியில் ஒரே சமயத்தில் பல படங்கள் எடுக்கப்படும் நீண்ட காட்சி இதைத்தான் காட்டுகிறது. இந்தப் பக்கம் சண்டை, அந்தப் பக்கம் காதல், ஒன்றின் இரைச்சல் மற்றொன்றைத் தொந்தரவு செய்வதில்லை. ஏனென்றால் அங்கே எதுவும் பதிவாகவில்லை. அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்பது அது போன பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது.

சிக்கல் இரண்டு

ஒலியைப் பதிவு செய்வது 1920களில் புதிய சங்கதி அல்ல. எடிசனின் போனோகிராப் 1877இலேயே வந்துவிட்டது. படம் ஓட்டும் கருவியும் 1890களில் தயார். அப்புறம் ஏன் பேசும்படத்துக்கு இன்னும் 30 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது?

கிரிக்கெட் மேட்சை டிவியில் போட்டுவிட்டு, அதன் சத்தத்தைக் குறைத்து, வர்ணனையை ரேடியோவில் கேட்டிருக்கிறீர்களா? டிவியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார். ரேடியோவில் சிக்சர் போய் கூட்டம் கைதட்டி முடித்திருக்கும். படமும் ஒலியும் இரண்டு வேறு வழியாக வருவதால் இந்த இடைவெளி. எடிசனின் ஆட்கள் பட்ட பாடு இதேதான். படம் ஒரு கருவியில், ஒலி இன்னொரு கருவியில். இரண்டும் ஒன்றாகத் தொடங்க வேண்டும், ஒரே வேகத்தில் ஓட வேண்டும், கடைசிவரை பிசகக் கூடாது. இதற்குப் பெயர் ஒத்திசைவு. உதடு அசைவதும் சொல் கேட்பதும் ஒரே நேரத்தில் நடப்பது என்று புரிந்துகொண்டால் போதும். 1913இல் எடிசன் 'கினெட்டோபோன்' என்ற பெயரில் பேசும் குறும்படங்களை அரங்குகளில் திரையிட்டார். படம் ஓட்டும் கருவி அரங்கின் ஒரு கோடியில், ஒலிக்கருவி மறுகோடியில், நடுவில் நீளமான ஒரு கயிற்றுப் பட்டை. அடிக்கடி பிசகியது. கூட்டம் கேலி செய்தது.

இரண்டாவது சிக்கல் ஒலிப்பெருக்கம், அதாவது சிறிய ஒலியைப் பெரிய அரங்கு முழுக்கக் கேட்கும்படி ஆக்குவது. பழைய கிராமபோனில் ஊசியின் அதிர்வு நேராகக் குழாய் வழியாக வெளியே வரும். ஒரு கூடத்துக்கு அது போதும். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது.

இந்த இரண்டாவது பூட்டைத் திறந்தவர்கள் சினிமாக்காரர்கள் அல்ல, டெலிபோன்காரர்கள். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் 'ஆடியான்' என்ற வெற்றிடக் குழாயை உருவாக்கினார். மிகச் சிறிய மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பெரிதாக்கித் தருவது இதன் வேலை. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு டெலிபோனில் பேசினால் வழியிலேயே குரல் தேய்ந்துபோகும். அதைச் சரிசெய்ய ஏ.டி.அண்ட்.டி. என்ற டெலிபோன் நிறுவனத்துப் பொறியாளர்கள் ஆடியானை வாங்கி மெருகேற்றினார்கள். நல்ல மைக், நல்ல ஆம்ப்ளிஃபையர், நல்ல ஸ்பீக்கர் மூன்றும் அந்த டெலிபோன் ஆராய்ச்சியிலிருந்து வந்தவை. அந்தக் குழுமத்தின் தயாரிப்புப் பிரிவான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்தான் பின்னால் ஹாலிவுட்டுக்கு ஒலிக்கருவிகளை விற்றது.

ஆக, குரலைப் பதிவது எப்போதோ முடிந்த வேலை. ஒத்திசைவும் ஒலிப்பெருக்கமும் சேர்ந்து கைக்கு வந்தது 1920களில்தான். இனி, ஒத்திசைவை இரண்டு கட்சிகள் இரண்டு விதமாகத் தீர்த்த கதை.

முதல் வழி: தட்டு

வார்னர் பிரதர்ஸ் அப்போது பாரமவுண்ட், எம்.ஜி.எம். அளவுக்குப் பெரிய நிறுவனம் அல்ல. அவர்கள் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்குடன் சேர்ந்து எடுத்த வழிக்கு 'வைட்டபோன்' என்று பெயர். இதில் ஒலி, பிலிமில் இல்லை. தனியாக ஒரு பெரிய இசைத்தட்டில் இருக்கும்.

தட்டின் குறுக்களவு 16 அங்குலம். வீட்டுக் கிராமபோன் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆனால் சினிமாவின் ஒரு ரீல் சுமார் 11 நிமிடம் ஓடுகிறது. அதற்கு ஈடுகொடுக்கத் தட்டைப் பெரிதாக்கி, வேகத்தை நிமிடத்துக்கு 33⅓ சுற்றாகக் குறைத்தார்கள். (1948இல் வந்த எல்.பி. ரெக்கார்டுகளும் இதே வேகத்தில்தான் சுற்றின.) ஊசி உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக நகரும். அதாவது நமக்குப் பழக்கமான தட்டுகளுக்கு நேர்மாறாக.

புரொஜக்டரையும் தட்டுச் சுழலியையும் ஒரே மோட்டார் ஓட்டும். எடிசனின் கயிற்றுப் பட்டைக்குப் பதிலாக உறுதியான இயந்திர இணைப்பு. ரீலின் தொடக்கத்தில் ஒரு ஃபிரேமில் அடையாளம் இருக்கும், தட்டிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். ஆபரேட்டர் இரண்டையும் சரியாகப் பொருத்தி வைத்து, மோட்டாரைத் தட்டிவிட வேண்டும். பிசகாமல் வைத்தால் ரீல் முடியும்வரை உதடும் சொல்லும் ஒத்துப்போகும்.

அதுவரை பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத ஒரு விஷயம் இங்கே தலைதூக்கியது: வேகம். ஊமைப்படக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். ஒருவர் வினாடிக்கு 16 ஃபிரேம் சுற்றுவார், இன்னொருவர் 20. தியேட்டரிலும் ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்கு ஓட்டுவார், கடைசிக் காட்சி என்றால் இன்னும் வேகமாக. படத்தில் அந்த வித்தியாசத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும். காது பொறுக்காது. வேகம் சற்றே கூடினாலும் பாடகரின் சுருதி ஏறிவிடும். அதனால் வேகம் வினாடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைநிறுத்தப்பட்டது. இன்றைக்கும் சினிமாவின் வழக்கமான வேகம் அதுதான். கண்ணுக்காக வந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். காதுக்காக வந்தது.

வைட்டபோனில் ஒலி அந்தக் காலத்துக்கு மிக நன்றாகவே இருந்தது. கஷ்டமெல்லாம் அன்றாடத்தில். ஒரு தட்டை சுமார் 20 தடவை ஓட்டினால் தேய்ந்துவிடும், புதுத் தட்டு வரவழைக்க வேண்டும். ஊசி ஒரு வரி தாண்டினால், அந்த ரீல் முழுக்க நாயகனின் பேச்சை நாயகி பேசுவாள். பிலிம் அறுந்தால் நிலைமை இன்னும் மோசம். ஊமைப்படத்தில் அறுந்த இடத்தை வெட்டி ஒட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே 10 ஃபிரேம் போனால் 10 கறுப்பு ஃபிரேம் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்து பேச்சு எல்லாம் பின்தங்கிவிடும்.

இரண்டாவது வழி: பிலிமின் ஓரம்

இன்னொரு கட்சி நேராக யோசித்தது. படமும் ஒலியும் பிரிந்திருப்பதால்தானே பிசகுகிறது? இரண்டையும் ஒரே பிலிமில் வைத்துவிட்டால்?

மைக் ஒலியை மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப ஒளி கூடிக் குறையும்படி செய்கிறார்கள். அந்த ஒளி, ஓடும் பிலிமின் ஓரத்தில் விழுகிறது. பிலிமைக் கழுவிப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று, அதில் நெருக்கமான கறுப்பு வெளுப்புக் கோடுகள். இதுதான் ஒலித்தடம்: கண்ணால் பார்க்கக்கூடிய குரல். தியேட்டரில் இதே வேலை தலைகீழாக நடக்கும். ஒரு சிறு விளக்கின் ஒளி அந்தப் பட்டை வழியாகப் பாயும். மறுபக்கம் இருக்கும் போட்டோசெல், ஒளியை மின்னோட்டமாக மாற்றும் கருவி, கறுப்புக்கும் வெளுப்புக்கும் ஏற்ப ஏறி இறங்கும் மின்னோட்டத்தைத் தரும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கும். திரைக்குப் பின்னாலிருக்கும் ஸ்பீக்கர் ஒலிக்கும். ஒலி வெளியே வருவதற்காகத் திரையில் பொடிப்பொடியாகத் துளைகள் போட்டார்கள்.

லீ டி ஃபாரஸ்ட் 1923இலேயே நியூயார்க்கில் இப்படிப்பட்ட குறும்படங்களைக் காட்டினார். அவரோடு வேலை செய்துவிட்டுப் பிரிந்த தியோடர் கேஸின் முறையை ஃபாக்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டு 'மூவிடோன்' என்று பெயர் வைத்தது. 1927 மே மாதம் விமானி சார்லஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைக் கடக்க விமானத்தில் கிளம்பியதை மூவிடோன் ஒலியோடு பதிவு செய்தது. எஞ்சின் உறுமுவதைத் தியேட்டரில் உட்கார்ந்து கேட்டார்கள் மக்கள். வெட்டவெளிக்கு எடுத்துப்போகக்கூடிய ஒலி என்பது தட்டுக்கட்சிக்கு எளிதில் எட்டாத விஷயம்.

இதில் ஒரு சின்ன நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு ஃபிரேமுக்கு உரிய ஒலி அந்த ஃபிரேமின் பக்கத்திலேயே இருக்காது, சுமார் 20 ஃபிரேம் தள்ளி முன்னால் இருக்கும். ஏன்? லென்ஸுக்கு முன்னால் பிலிம் வினாடிக்கு 24 தடவை நின்று நின்று போகிறது. நிற்காவிட்டால் படம் கலங்கிவிடும். ஒலிக்கோ நிற்காமல் சீராக ஓட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் முடியாது. அதனால் படம் பார்க்கும் இடம் மேலே, ஒலி படிக்கும் இடம் கொஞ்சம் கீழே. அந்த இடைவெளிக்குத் தகுந்தபடி ஒலியைத் தள்ளி அச்சிடுகிறார்கள்.

சுருக்கமாக: தட்டு முறையில் ஒத்திசைவு ஆபரேட்டரின் கையில் இருந்தது. பிலிம் முறையில் அது பிலிமிலேயே அச்சாகிவிட்டது. சில வருடங்களில் வார்னர் பிரதர்ஸே தட்டைக் கைவிட்டு பிலிமுக்கு மாறியது.

'தி ஜாஸ் சிங்கர்' முதல் பேசும்படமா?

'பாபிலோன்' படத்தில் ஒரு காட்சி: மேனி நியூயார்க்கில் ஒரு தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறான். திரையில் வெள்ளையினப் பாடகர் ஆல் ஜோல்சன். கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. மேனி வெளியே ஓடிப்போய் ஜாக்குக்குப் போன் போடுகிறான், எல்லாம் மாறப்போகிறது என்று. அது 'தி ஜாஸ் சிங்கர்', 1927 அக்டோபர் 6. சினிமா பேசத் தொடங்கிய நாள் என்று எல்லோரும் சொல்லும் நாள்.

அதற்கு ஒரு வருடம் முன்பே, 1926 ஆகஸ்ட் 6 அன்று, வார்னர் பிரதர்ஸ் 'டான் ஹுவான்' படத்தை வைட்டபோனில் வெளியிட்டுவிட்டது. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாசித்த பின்னணி இசை உண்டு, வாள் மோதும் சத்தம் உண்டு, பேச்சு மட்டும் இல்லை. வார்னர் சகோதரர்களின் முதல் கணக்கே பேச்சு அல்ல, இசைதான். பெருநகரத்து இசைக்குழுவைத் தட்டில் அடைத்துச் சின்ன ஊர்களுக்கு அனுப்புவது. அதே மாலையில் காட்டிய குறும்படங்களில் ஒன்றில் ஹாலிவுட் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் வில் ஹேஸ் திரையில் தோன்றிப் பேசினார். ஆக, பேசும் படம் அன்றே வந்தாயிற்று.

'தி ஜாஸ் சிங்கர்' பெரும்பாலும் ஊமைப்படம். வசனம் எழுத்தாக வரும் டைட்டில் கார்டுகள் நிறைய. பாடல்களுக்கு ஒலி உண்டு, நேரடிப் பேச்சு மொத்தமே இரண்டு நிமிடம்தான் இருக்கும். ஜோல்சன் பாட்டுகளுக்கு நடுவில் தன் அம்மாவிடம் சரளமாகப் பேசிக்கொண்டே போகிறார். அப்பா உள்ளே வந்து "நிறுத்து!" என்கிறார். அந்த ஒரு சொல்லோடு பேச்சு நின்று, படம் மறுபடி டைட்டில் கார்டுக்குத் திரும்பிவிடுகிறது. இன்று பார்த்தாலும் அந்த இடம் திகைக்க வைக்கும். ஒலியின் வரவை நினைத்து யாரோ வேண்டுமென்றே எழுதியதுபோல இருக்கும், அப்படி அல்ல என்றாலும். ஒலிக்காக வீட்டில் மற்றவர்களோடு மல்லுக்கட்டிய சாம் வார்னர் படம் வெளியாவதற்கு முந்தின நாள் இறந்துபோனார்.

முழுக்க முழுக்கப் பேசும் முதல் முழுநீளப் படம் 1928 ஜூலையில் வந்த 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்'. ஆனாலும் 'தி ஜாஸ் சிங்கர்'தான் நினைவில் நின்றது. காரணம் இருக்கிறது. அதற்கு முன் திரையில் கேட்டதெல்லாம் பாட்டு, சொற்பொழிவு, கச்சேரி. ஒரு மகன் அம்மாவிடம் சாதாரணமாகப் பேசுவதை மக்கள் ஒரு கதைப்படத்தில் கேட்டது இங்கேதான். மற்ற பெரிய நிறுவனங்கள் 1927 தொடக்கத்தில், ஒரு வருடம் பொறுத்திருந்து எந்த முறை என்று சேர்ந்தே முடிவு செய்யலாம் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருந்தன. 1928 மே மாதம் பாரமவுண்ட், எம்.ஜி.எம்., யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் மூன்றும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்குடன் கையெழுத்திட்டன. அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்க வழியில்லை.

படப்பிடிப்பில் நடந்த கூத்து

'பாபிலோன்' படத்தில் நான் பலமுறை பார்த்த காட்சி நெல்லியின் முதல் ஒலிப் படப்பிடிப்பு. ஒரு வரி வசனம் பேசி, குறிப்பிட்ட இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். டேக் மேல் டேக் போகிறது. குரல் அதிகம், குரல் குறைவு, நின்ற இடம் தவறு, யாரோ சத்தம் போட்டார்கள். தளத்தில் வெக்கை தாங்கவில்லை. கடைசியில் ஒருவழியாக டேக் ஓகே ஆகும்போது, கேமராப் பெட்டிக்குள் இருந்த ஆள் வெந்து செத்துக் கிடக்கிறான். மிகைதான். ஆனால் மரணத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்தக் காட்சியில் பொய் மிகக் குறைவு.

கேமராவை ஏன் பெட்டிக்குள் வைத்தார்கள்? கேமரா ஓடும் சத்தம் மைக்கில் விழும். அதைத் தவிர்க்க, கேமராவையும் ஆளையும் சேர்த்து ஒலி புகாத ஓர் அறைக்குள் அடைத்து, கண்ணாடி வழியாகப் படம் எடுத்தார்கள். காற்றோட்டம் கிடையாது. உள்ளே வியர்வையில் குளித்த கேமராமேன்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'ஐஸ்பெட்டி'. ஊமைப்படக் காலத்து ஆர்க் விளக்குகளின் இரைச்சலும் மைக்கில் விழுந்ததால், அவற்றை எடுத்துவிட்டுப் பெரிய பெரிய டங்ஸ்டன் பல்புகளை வைத்தார்கள். சத்தம் போனது, சூடு கூடியது.

மைக் நகராது. பூச்சாடிக்குள்ளோ டெலிபோனுக்குள்ளோ ஒளித்து வைத்திருப்பார்கள், நடிகர் அதன் பக்கத்தில் போய் நின்றுதான் பேச வேண்டும். ஆரம்பகாலப் பேசும்படங்களில் ஆட்கள் ஏன் பூச்சாடியைச் சுற்றிக் கும்பலாக நிற்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

இதைவிட ஆழமான தொல்லை எடிட்டிங்கில். தட்டு முறையில் ஒலி நேராக மெழுகுத் தட்டில் பள்ளக்கோடாகப் பதிகிறது. மெழுகில் நடுவில் ஒரு சொல்லை நீக்கவோ, இரண்டு டேக்குகளை ஒட்டவோ முடியாது. ஆகவே முழுக் காட்சியையும் ஒரே மூச்சில் நடித்து முடிக்க வேண்டும். ஆனால் படத்துக்கு அண்மைக் காட்சியும் வேண்டும், தூரக் காட்சியும் வேண்டும். ஒரே வழி, மூன்று நான்கு கேமராக்களை ஒரே சமயத்தில் ஓட்டுவது. அத்தனை கேமராவுக்கும் பொருந்தும்படி வெளிச்சத்தைச் சமமாகப் பரப்ப வேண்டும். ஊமைப்படத்தின் கடைசி வருடங்களில் கேமரா பறந்துகொண்டிருந்தது, வெளிச்சமும் நிழலும் விளையாடின. 1927இல் வந்த எஃப். டபிள்யூ. முர்னாவின் 'சன்ரைஸ்' பார்த்துவிட்டு 1929இன் பேசும்படம் எதையாவது பாருங்கள். இரண்டு வருடத்தில் சினிமா முன்னுக்கு வந்ததா பின்னுக்குப் போனதா என்று சந்தேகம் வரும்.

டப்பிங் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கான வசதி அப்போது இன்னும் கைகூடவில்லை. இங்கிலாந்தில் ஹிட்ச்காக் 1929இல், ஊமைப்படமாகத் தொடங்கிய 'பிளாக்மெயில்' படத்தைப் பேசும்படமாக மாற்றினார். நாயகி அன்னி ஓண்ட்ராவின் செக் உச்சரிப்பு லண்டன் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. கேமராவுக்கு வெளியே ஜோன் பேரி என்ற நடிகை மைக்கில் வசனத்தைப் பேசப் பேச, ஓண்ட்ரா வாயசைத்து நடித்தார். நேரிலேயே, அந்த நொடியிலேயே டப்பிங்!

இதெல்லாம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1929இல் 'தி வைல்ட் பார்ட்டி' படப்பிடிப்பில் இயக்குநர் டோரதி அர்ஸ்னர் மைக்கை ஒரு தூண்டில் கம்பில் கட்டி, நடிகை கிளாரா போ நடக்க நடக்கத் தலைக்கு மேல் பிடிக்கச் சொன்னார் என்பது சினிமா வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. பூம் மைக்கின் முன்னோடி அது. பெட்டிக்குப் பதிலாகக் கேமராவுக்கு மட்டும் சத்தத்தை அடக்கும் உறை வந்தது. ஒலியைத் தனி பிலிமில் பதிந்து வெட்டி ஒட்டும் வழக்கமும் வந்தது. 1930களின் தொடக்கத்திலேயே கேமரா மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டது.

அப்படியானால் நட்சத்திரங்கள்?

ஜாக் கான்ராட் பாத்திரத்துக்குப் பின்னால் நிற்கும் நிஜ மனிதர்களில் முக்கியமானவர் ஜான் கில்பர்ட். 1928இல் எம்.ஜி.எம். அவரோடு படத்துக்கு 2,50,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. 1929இல் 'ஹிஸ் குளோரியஸ் நைட்' வந்தது. காதல் வசனத்தைக் கேட்டு மக்கள் சிரித்தார்கள். கில்பர்ட்டின் குரல் கீச்சுக்குரல் என்ற கதை அங்கிருந்து கிளம்பி இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

ஆனால் 1933இல் கிரேட்டா கார்போவுடன் அவர் நடித்த 'குயீன் கிறிஸ்டினா' இருக்கிறது, யாரும் பார்க்கலாம். குரலில் ஒரு குறையும் இல்லை. மக்கள் சிரித்தது வசனத்தைக் கேட்டு. ஊமைப்படத்தில் காதலன் கண்ணால் உருகுவான், கார்டில் ஒரு வரி வரும், மிச்சத்தைப் பார்ப்பவர் மனம் நிரப்பிக்கொள்ளும். அதே உருக்கத்தை "உன்னைக் காதலிக்கிறேன், காதலிக்கிறேன்" என்று வாய்விட்டு அடுக்கினால் எந்தக் குரலிலும் சிரிப்புத்தான் வரும். 'பாபிலோன்' இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. ஜாக் பத்திரிகைக்காரி எலினோரிடம் போய் ஏன் சிரித்தார்கள் என்று கேட்கிறான். குரல் காரணம் அல்ல, உன் காலம் முடிந்தது, அவ்வளவுதான் என்கிறாள் அவள். படத்தின் மிகச் சிறந்த காட்சி என்பேன். யானையைவிட.

உண்மையில் பலர் பிழைத்துக்கொண்டார்கள். சுவீடன் உச்சரிப்போடு கார்போ 1930இல் 'அன்னா கிறிஸ்டி'யில் பேசினார். "கார்போ பேசுகிறார்!" என்பதே விளம்பரம். ரொனால்ட் கோல்மனுக்குக் குரலே புதுச் சொத்தாக அமைந்தது. நெல்லிக்கு ஓரளவு மாதிரியான கிளாரா போவுக்கு மைக்கைக் கண்டால் நடுக்கம், ஆனாலும் அவருடைய பேசும்படங்கள் ஓடின. 1933இல் அவர் விலகியதற்கு மனச்சோர்வும் குடும்ப வாழ்க்கையும்தான் கூடுதல் காரணம். நிஜமாகவே மொழியால் அடிபட்டவர் எமில் யானிங்ஸ். முதல் ஆஸ்கர் சிறந்த நடிகர் விருதை வாங்கிய கையோடு, ஆங்கிலம் கைகொடுக்காததால் ஜெர்மனிக்கே திரும்பினார்.

பேர் தெரியாமல் வேலை இழந்தவர்கள்தான் அதிகம். தியேட்டர்களில் வாசித்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்கள் சில வருடங்களில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுடைய சங்கம் டப்பாவில் அடைத்த இசைக்கு எதிராகப் பத்திரிகைகளில் விளம்பரமே கொடுத்துப் பார்த்தது, பலிக்கவில்லை. 'பாபிலோன்' படத்தில் ஃபே ஜு செய்வதுபோல டைட்டில் கார்டு எழுதும் வேலையும் அடியோடு போனது. எதிர்ப்பக்கம், எக்காளக் கலைஞன் சிட்னி பாமருக்கு ஒலியால் கதவு திறக்கிறது. பாட்டுப் படங்களுக்கு வாத்தியக்காரர் வேண்டுமே. ஆனால் மற்ற கறுப்பினக் கலைஞர்களுக்குப் பக்கத்தில் அவன் நிறம் வெளுப்பாகத் தெரிகிறது, தென்மாநிலத் தியேட்டர்களில் பிரச்சினை வரும் என்று சொல்லி, அவன் முகத்தில் கரி பூசச் சொல்கிறார்கள். 'தி ஜாஸ் சிங்கர்' படத்தில் ஜோல்சன் கரி பூசிக்கொண்டு பாடியதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் காட்சி இன்னும் உறைக்கும்.

பேசினால் எந்த மொழியில்?

'பாபிலோன்' தொடாமல் விட்ட ஒரு பெரிய பக்கம் இது. ஊமைப்படத்துக்கு மொழி கிடையாது. கார்டை மாற்றினால் ஹாலிவுட் படம் பாரிஸிலும் ஓடும், டோக்கியோவிலும் ஓடும். பேசத் தொடங்கியதும் அந்த உலகச் சந்தை கண்ணெதிரே உடைந்தது. டப்பிங் பழக்கத்துக்கு வருமுன் ஹாலிவுட் செய்த வேலை விசித்திரமானது: ஒரே படத்தை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக எடுப்பது. பாரமவுண்ட் இதற்கென்றே பாரிஸுக்குப் பக்கத்தில் ஜுவான்வில் என்ற இடத்தில் ஸ்டுடியோ நடத்தியது. யுனிவர்சல் 1930இல் பகலில் பெலா லுகோசியை வைத்து ஆங்கில 'டிராகுலா'வை எடுத்தது. இரவில் அதே செட்டில் வேறு நடிகர்கள் ஸ்பானிஷ் 'டிராகுலா'வை எடுத்தார்கள். இரவுக் குழுவின் படம்தான் மேல் என்று சொல்பவர்கள் நிறைய.

ஹாலிவுட்டுக்குத் தலைவலியான இந்த மொழிச்சுவர் மற்ற நாட்டுச் சினிமாக்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. 1931 மார்ச்சில் பம்பாயில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வந்தது. அதே வருடம் அக்டோபர் 31 அன்று, அவருடைய இம்பீரியல் நிறுவனம் எடுத்து எச். எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' சென்னைக்கு வந்தது. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று நாம் சொல்வது இதைத்தான். அதில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார், இன்னும் சிலர் இந்தியில் பேசுவார்கள். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கூட்டம் அலைமோதியது.